ஆறாவது நாற்காலி

"இந்த வருஷம் என்னங்க ட்ரெண்டு?"

சீடன் குருவிடம் கேட்ட கேள்வி இதுதான். ஞானம் தேடிப் போகிறவர்கள் கேட்கிற கேள்வி மாதிரி இல்லைதான். நாச்சிமுத்து ஞானம் தேடி வந்தவருமில்லை, தோட்ட வேலை கற்றுக்கொள்ள வந்தவர். இருபத்தாறு வருஷம் டைல்ஸ் மேஸ்திரியாக இருந்து, கோயம்புத்தூரில் பாதி வீடுகளின் பாத்ரூம் தரையை மண்டி போட்டே பார்த்து முடித்து, முட்டி தேய்ந்து, ஐம்பத்தொரு வயதில் கோகிலவாணியிடம் வந்து சேர்ந்திருந்தார். குருவுக்கு வயது முப்பத்தேழு. குரு சீடனை 'அண்ணா' என்பார், சீடன் குருவை 'மேடம்' என்பார்.

வீட்டுக்கு வெளியே இன்னொரு வீடு கட்டித் தருவதுதான் வாணியின் தொழில். கொல்லைப்புறத்தில் கல் பாவுவார், கொடி படர பெர்கோலா என்கிற மரப்பந்தல் நிறுத்துவார், வெளியிலேயே சமையல் மேடை கட்டுவார். அந்த வாரம் தோட்டக் கண்காட்சிக்குப் போய் வந்திருந்த நாச்சிமுத்துவின் பையில் பதினெட்டு நோட்டீஸ்கள் இருந்தன. செயற்கைப் புல், சுவரில் வளரும் செடி, நடுவில் தீ மூட்டிச் சுற்றி உட்கார வட்டக் குழி. எல்லா நோட்டீஸிலும் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது.

"எதைங்க மேடம் கத்துக்கறது? ஒவ்வொரு கடைக்காரரும் ஒண்ணொண்ணு சொல்றாங்க."

வாணி ஷெட்டுக்குள் போய் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கி வந்து டெம்போவில் வைத்தார்.

"வடவள்ளி வீடு உங்க பொறுப்பு அண்ணா. இதைக் கொண்டுபோய் அவங்க பின்கட்டுல போட்ருங்க. நாலு நாள் கழிச்சு வேலை ஆரம்பிக்கலாம்."

"போட்டுட்டு?"

"அவங்க இஷ்டத்துக்கு இழுத்துப் போட்டு உக்காரட்டும். தினம் காலையில போய் நாற்காலி எங்க இருக்குன்னு பாருங்க."

"பார்த்துட்டு?"

"எங்கிட்டச் சொல்லுங்க."

"அவ்ளோதானுங்களா?"

"அவ்ளோதான்."

நாச்சிமுத்துவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பதினெட்டு நோட்டீஸுக்கு ஆறு நாற்காலிதான் பதிலா? ஆனாலும் முதல் தடவையாக ஒரு வீடு முழுசாகத் தன் பொறுப்பில் வந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டு டெம்போவில் ஏறினார்.

வடவள்ளி வீட்டில் சொல் என்றால் அது ரத்தினாம்பாளின் சொல். ஐம்பத்தெட்டு வயது, ஓங்கிய குரல், இடுப்பில் சாவிக்கொத்து. கணவர் அரிசி ஆலைக்கும் மகன் பம்பு கம்பெனிக்கும் காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார்கள். பகல் முழுக்க வீட்டில் இருப்பது ரத்தினாம்பாளும், கல்யாணமாகி இரண்டு வருஷமான மருமகள் சிந்துஜாவும்தான்.

ரத்தினாம்பாள் தன் போனில் சேர்த்து வைத்திருந்த படங்களை நாச்சிமுத்துவுக்குக் காட்டினார். பெர்கோலா, கூடை ஊஞ்சல், வெளி அடுப்பு, அதற்குமேல் தொங்குகிற மஞ்சள் விளக்குகள். பிறகு பின்கட்டின் மேற்கு மூலைக்கு அழைத்துப் போனார். அங்கே தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஆளுயரத்துக்கு ஒரு பழைய செங்கல் சுவர் நின்றது. சுவருக்குப் பின்னால் துணி துவைக்கிற கல், ஒரு கொடிக்கயிறு, ஒரு கறிவேப்பிலை மரம்.

"மொதல்ல இந்தச் சுவத்தை இடிச்சுப் போடுங்க மேஸ்திரி. அடுப்பு மேடை இங்கதான் வரோணும். ஹால்ல உக்காந்து பார்த்தா பூராவும் எனக்குத் தெரியோணும். மறைப்புன்னாலே எனக்கு ஆகாதுங்க."

"செஞ்சுரலாமுங்க."

சிந்துஜா மோர் கொண்டு வந்தாள். ரத்தினாம்பாள் குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்துகிற வழக்கமும் இல்லை போலிருக்கிறது.

"போன தையிலயே ஒரு ரகளை. எந்நேரமும் போனு. யாருகிட்டப் பேசறேன்னு கேட்டா வாயத் தொறக்கறதில்லை. சம்பந்தியக் கூப்பிட்டு நேராவே சொல்லிப்போட்டேன். இன்னொருக்கா எனக்குத் தெரியாம இந்த வீட்ல ஏதாச்சும் நடந்துச்சுன்னா, உங்க புள்ளைய நீங்களே கூட்டிட்டுப் போய் வெச்சுக்குங்கன்னு."

மோர் டம்ளர் கல்மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. சிந்துஜா உள்ளே போய்விட்டாள். நாச்சிமுத்து மோரைக் குடித்தார். உப்பு சரியாக இருந்தது. அதற்குமேல் அவர் எதையும் யோசிக்கவில்லை.

நாற்காலிகள் இறங்கின.

அடுத்த நாள் காலை போய்ப் பார்த்தபோது இரண்டு நாற்காலிகள் நெல்லி மரத்தடியில் இருந்தன. ரத்தினாம்பாளும் அவர் கணவரும் காபி குடித்த இடம். ஒன்று பின்வாசல் படியருகில், மகன் ஷூ மாட்டுவதற்கு. இரண்டு நாற்காலிகள் வைத்த இடத்திலேயே அநாதையாக நின்றன. ஆறாவதைக் காணோம். தேடிப் போனார். செங்கல் சுவருக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் கறிவேப்பிலை மரத்துக்கும் நடுவில் இருந்தது.

நாச்சிமுத்துவுக்கு ஒரு வியாதி உண்டு. இருபத்தாறு வருஷ வியாதி. எதைப் பார்த்தாலும் குறி போடாமல் இருக்க முடியாது. டைல்ஸில் பென்சிலால் கோடு இழுத்து இழுத்துக் கை பழகிவிட்டது. குரு பார்க்கச் சொன்னார், சரி. வெறுமனே பார்த்துவிட்டு வருவது ஒரு வேலையா? டெம்போவில் சுண்ணாம்புத்தூள் இருந்தது. ஒவ்வொரு நாற்காலியின் காலைச் சுற்றியும் வெள்ளை வட்டம் போட்டார். சட்டைப்பையில் இருந்த குட்டி நோட்டை எடுத்து ஒரு பக்கத்தில் கட்டம் கட்டினார். ஒன்று முதல் ஆறு வரை நாற்காலி, எதிரே இடம், எதிரே நேரம். இன்னும் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதற்கு 'யார்' என்று தலைப்பு எழுதினார்.

அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காகவே இரண்டாம் நாள் மத்தியானமும் அங்கேயே தங்கினார். தண்ணீர்த் தொட்டியின் மறுபக்கம் குழாய் அளவு எடுப்பதுபோல் குந்தியிருந்தார்.

மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு சிந்துஜா வாளியோடு வந்தாள். இரண்டு துண்டுகளைக் கொடியில் போட்டாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கால்களைத் தூக்கித் துவைக்கிற கல்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். கையில் போன் இல்லை, மடியிலும் இல்லை. அழவில்லை, தூங்கவும் இல்லை. எட்டு நிமிஷம் அப்படியே இருந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மீதித் துணியைக் காயப்போட்டுவிட்டு உள்ளே போனாள்.

நாச்சிமுத்து நோட்டில் எழுதினார். '6. சுவத்துக்குப் பின்னாடி. மத்தியானம் 3.10. மருமகள் சிந்துஜா.'

நான்கு கட்டமும் நிரம்பிய பக்கத்தைப் பார்த்தபோது அவருக்கு மனசு குளிர்ந்தது. குருவே இப்படிச் செய்திருக்க மாட்டார் என்றுகூட நினைத்தார்.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு ரத்தினாம்பாள் பின்கட்டுக்கு வந்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, நானும் தினம் பார்க்கறேன், இதென்ன எல்லாப் பக்கமும் வெள்ளை வட்டம்? செய்வினை கிய்வினை வெக்கறீங்களா?"

நாச்சிமுத்து சிரித்தார். இதற்காகத்தானே நான்கு நாளாகக் காத்திருந்தார்! நோட்டீஸ் பார்த்துக் கட்டுவதில்லை, வீட்டு மனுஷர்கள் எங்கே உட்காருகிறார்களோ அங்கேதான் கட்டுவோம் என்று குருவின் வித்தையைத் தன் வித்தை மாதிரி எடுத்துவிட்டார். ரத்தினாம்பாளுக்குப் பிடித்துவிட்டது.

"அட, நல்லாத்தான் இருக்குது. எத்தனை நாற்காலி போட்டீங்க?"

"ஆறுங்க."

ரத்தினாம்பாள் விரலை நீட்டி எண்ணினார். நெல்லி மரத்தடியில் இரண்டு. படியருகில் ஒன்று. நடுவில் இரண்டு.

"அஞ்சுதான இருக்குது?"

"ஆறாவது சுவத்துக்குப் பின்னா..."

நாக்கு பாதியில் நின்றது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நின்றது. ரத்தினாம்பாள் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

சுவருக்குப் பின்னால் அந்த நாற்காலி நான்கு நாளும் ஓர் அங்குலம் நகரவில்லை. தினமும் அதே இடத்தில் சுண்ணாம்பு விழுந்து, நான்கு கால்களைச் சுற்றியும் வட்டம் தடிமனாக, கண்ணைப் பறிக்கிற மாதிரி வெள்ளையாக இருந்தது.

"இங்க யாரு உக்காந்தது?"

நாச்சிமுத்து சுவர் முனையில் நின்று வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பின்வாசலில் சிந்துஜா முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றுவிட்டது. தலையைத் தூக்கவில்லை. ஆனால் முகம் வெளுத்துப்போனது இங்கிருந்தே தெரிந்தது.

அப்போதுதான் நாச்சிமுத்துவுக்குத் தான் செய்தது உறைத்தது.

"தெரியலீங்கம்மா."

"நான் உக்காரலை. எங்கூட்டுக்காரர் இந்தப் பக்கமே வரமாட்டாரு. பையன் போறது இருட்டோட, வர்றது இருட்டோட. பின்ன யாரு, பேய் வந்து உக்காந்துச்சா?"

நாச்சிமுத்து செருப்பிலிருந்த சுண்ணாம்பைத் தட்டினார்.

"தினம் நோட்டுல என்னமோ எழுதறீங்களே. ஜன்னல்ல இருந்து பார்த்தேன். அதுல இருக்குமில்ல? காட்டுங்க."

நோட்டு சட்டைப்பையில் இருந்தது. நாச்சிமுத்துவின் கை தானாகப் போய் அதை மூடிக்கொண்டது. அது இன்னும் மோசம். ரத்தினாம்பாளின் கண் அந்தக் கையிலேயே ஒட்டிக்கொண்டது.

உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன? அம்மா, அந்தப் பெண் சும்மாதான் உட்கார்ந்திருந்தது, போன்கூடக் கையில் இல்லை. சொல்லலாம். ஆனால் இந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் சும்மா உட்காருவதற்கே ஒரு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எட்டு நிமிஷம் கண்ணை மூடியிருந்தது என்றால், எதை நினைத்துக் கண்ணை மூடினாள் என்று கேட்பார்கள். அதற்கு அந்தப் பெண் என்ன சொல்லும்?

"மேடம் பத்தரைக்கு வந்துருவாங்கம்மா. அவங்க பார்க்காம நோட்டை யாருக்கும் காட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

வாழ்க்கையில் அவர் இவ்வளவு சுத்தமாகப் பொய் சொன்னதில்லை.

"வரட்டும்" என்றார் ரத்தினாம்பாள். நடுவில் கிடந்த ஒரு நாற்காலியை இழுத்து, நாச்சிமுத்துவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "நானும் இங்கயே உக்காந்திருக்கேன். சிந்துஜா, நீயும் உள்ள போவாதே. கீரைய இங்க உக்காந்தே உருவு."

அந்த அரை மணி நேரம் நாச்சிமுத்துவுக்கு நகரவே இல்லை. கீரை உருவுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. ரத்தினாம்பாள் அவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்து வாயில் போட்டு விழுங்கிவிடலாமா என்று நாச்சிமுத்து நிஜமாகவே யோசித்தார். ஐம்பத்தொரு வயசு மனுஷன், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர், காகிதம் தின்ன யோசித்துக்கொண்டு நின்றார். தன் மூத்த பெண் எங்கே உட்காருவாள், அவளுக்கு உட்கார இடம் இருக்கிறதா என்று தனக்குத் தெரியாது என்பதும் அந்த அரை மணியில்தான் நினைவுக்கு வந்தது.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

வாணி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே பின்கட்டுக்கு வந்தார். மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"இது யார் போட்டது?"

"நானுங்க மேடம்."

"எதுக்கு?"

"மறந்துரக் கூடாதுன்னுங்க."

"யாரு மறக்கக் கூடாதுன்னு?"

நாச்சிமுத்து பக்கத்து வட்டத்தைக் காலால் மறைத்தார்.

ரத்தினாம்பாள் எழுந்தார். "அதெல்லாம் அப்புறம் பேசிக்குங்க. சுவத்துக்குப் பின்னாடி ஒரு நாற்காலி கெடக்குது. தினம் யாரோ வந்து உக்காந்திருக்காங்க. உங்க மேஸ்திரி நோட்டுல எழுதி வெச்சிருக்காரு, காட்ட மாட்டேங்கறாரு. என் வீட்ல நடக்கறதை எனக்குக் காட்ட மாட்டாராம்!"

"அப்படீங்களா" என்றார் வாணி. "வாங்க, பார்க்கலாம்."

சுவருக்குப் பின்னால் போனார்கள். நாச்சிமுத்துவும் பின்னால் போனார். வாணி நாற்காலியைப் பார்த்தார், துவைக்கிற கல்லைப் பார்த்தார், தலையைத் தூக்கிக் கறிவேப்பிலை மரத்தைப் பார்த்தார்.

"உக்காருங்கம்மா."

"நானா? எதுக்கு?"

"இந்த இடத்தை இடிக்கச் சொல்லியிருக்கீங்க. இடிக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்காரங்க ஒருத்தர் உக்காந்து பார்க்கோணும். எல்லா வீட்லயும் அப்படித்தான். பத்து நிமிஷம்."

ரத்தினாம்பாள் முறைத்தார். ஆனாலும் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தரை மேடுபள்ளம். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்து டக்கென்று ஆடியது. அவர் பயந்து நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, ஒரு தாள் குடுங்க. கால் ஆடுது."

நாச்சிமுத்து நோட்டை வெளியே எடுத்தார். வெற்றுத் தாள் எத்தனையோ இருந்தது. பின்னாலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் கொடுத்த பிறகு நோட்டு தன் கையிலேயே இருக்கும். அந்தம்மா கையை நீட்டும். அப்போது?

வாணி கையை நீட்டியபடியே காத்திருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

நாச்சிமுத்து எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்தார். கிழிகிற சத்தம் அவர் காதுக்கு ஊருக்கே கேட்கிற மாதிரி இருந்தது. வாணி தாளைப் பார்க்கவில்லை. ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, நான்காக மடித்துக் குனிந்து ஆடுகிற காலுக்கு அடியில் செருகினார்.

"இப்போ அசைஞ்சு பாருங்கம்மா."

ரத்தினாம்பாள் அசைந்து பார்த்தார். ஆடவில்லை.

"அந்தப் பக்கம் இருக்கோம். நாங்க கூப்பிட மாட்டோம். நீங்களா வாங்க."

சுவருக்கு இந்தப் பக்கம் வந்ததும் நாச்சிமுத்து குருவின் காதருகில் போனார். "மேடம், அந்தத் தாள்ல பேரு..."

"தொடப்பம் எங்க இருக்கு?" என்று கேட்டார் வாணி.

நாச்சிமுத்து துடைப்பம் கொண்டு வந்து கொடுத்தார். வாணியே குனிந்து நெல்லி மரத்தடி வட்டங்களைக் கூட்டிக் கலைத்தார். பிறகு படியருகில், பிறகு நடுவில். வெள்ளைத்தூள் மண்ணோடு கலந்து காணாமல் போனது. சிந்துஜா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள். உருவுவதற்குக் கீரை இல்லை, காம்புதான் இருந்தது. அவள் காம்பையே உருவிக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிஷம் ஆனது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பதினைந்து ஆனது. உள்ளே எங்கோ போன் அடித்து ஓய்ந்தது. ரத்தினாம்பாளின் போன்தான். அவர் எழுந்து வரவில்லை. அந்தம்மா குருடில்லை. எழுதின தாளைக் கிழித்ததைப் பார்த்திருப்பார். ஒரு குனி குனிந்தால் போதும்.

"எட்டிப் பார்க்கட்டுங்களா மேடம்?"

"வேண்டாம்."

இருபத்தைந்து நிமிஷம் கழித்து ரத்தினாம்பாள் வந்தார். செருப்பில்லாமல் வந்தார். அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு மறந்திருந்தார். முகம் வேறு மாதிரி இருந்தது. கோபமா, அழுகையா, தூங்கி எழுந்த முகமா என்று நாச்சிமுத்துவால் சொல்ல முடியவில்லை.

நாச்சிமுத்துவுக்குத் தாங்கவில்லை. நோட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "அம்மா... நோட்டுங்க."

ரத்தினாம்பாள் அதைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"என்ன நோட்டு?"

நாச்சிமுத்துவின் கை அப்படியே நின்றது.

ரத்தினாம்பாள் வாணியிடம் திரும்பினார். "அங்க உக்காந்தா வீட்டு ஜன்னல் ஒண்ணுகூடத் தெரியலீங்களே."

"ஆமாங்க."

"முப்பத்திநாலு வருஷமாச்சு நான் இந்த வீட்டுக்கு வந்து. மாமியா இருந்த வரைக்கும் அவங்க கண்ணு என் முதுகுலயே இருக்கும். இப்படி ஒரு எடம் இருக்குதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு." சொல்லிவிட்டு, சொன்னதே பிடிக்காத மாதிரி சாவிக்கொத்தைச் சரி செய்துகொண்டார். "அடுப்பை வேற பக்கம் வெச்சா ஆகாதுங்களா?"

"அதைத்தான் நானே சொல்ல வந்தேன். இந்த மூலையில மேக்குக் காத்து நேரா அடிக்கும். ஆடி மாசம் அடுப்பைப் பத்த வெச்சீங்கன்னா புகை பூரா உங்க ஹாலுக்குள்ள வந்துரும். தெக்குப் பக்கம் வெச்சுக்கலாம்."

"சரி. சுவரு இருக்கட்டும்."

"சரிங்கம்மா."

ரத்தினாம்பாள் படியேறினார். சிந்துஜாவைத் தாண்டும்போது நின்றார். அவளைப் பார்க்காமல் வாசற்காலைப் பார்த்துச் சொன்னார்.

"நாலு மணிக்கு மேல நான் அங்க உக்காருவேன். அப்ப யாரும் கூப்பிடக் கூடாது."

"சரிங்கத்தை."

"மூணு மணிக்கு நான் படுத்திருப்பேன்."

முறம் சிந்துஜாவின் மடியிலிருந்து நழுவியது. அவள் பிடித்துக்கொண்டாள்.

"போன் உள்ளயே இருக்கட்டும்" என்றும் சேர்த்துவிட்டுத்தான் ரத்தினாம்பாள் உள்ளே போனார். ஒரே காலையில் மனுஷர்கள் அடியோடு மாறிவிடுவதெல்லாம் நோட்டீஸில் நடக்கும். வடவள்ளியில் நடக்காது.

வேலை ஐந்து வாரம் ஓடியது. நெல்லி மரத்தடியில் இருவர் காபி குடிக்கக் கல் பாவினார்கள். படியருகில் ஷூ மாட்ட ஒரு திண்டு கட்டினார்கள். தெற்குப் பக்கம் அடுப்பு மேடை எழுந்தது, மேலே பெர்கோலா, மஞ்சள் விளக்குகள். கூடை ஊஞ்சலும் வந்தது. ரத்தினாம்பாள் கேட்டது கேட்டதுதான். நடுவில் அநாதையாக நின்ற இரண்டு நாற்காலிகளின் இடத்தில் வாணி ஒன்றும் கட்டவில்லை, மண்ணாகவே விட்டார்.

சுவருக்குப் பின்னால் ஒரு கல் பெஞ்ச் போட்டுத் தருவதாக நாச்சிமுத்து ரத்தினாம்பாளிடம் கேட்டார். தன் தப்புக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

"பெஞ்ச் கிஞ்ச் ஒண்ணும் வேண்டாம். அந்த நாற்காலிய மட்டும் விட்டுட்டுப் போங்க."

கடைசி நாள் ஐந்து நாற்காலிகளை டெம்போவில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். வாணி முன்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டார். நாச்சிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. பின்கட்டுக்கு ஓடி, சுவரைச் சுற்றிப் போய், ஆறாவது நாற்காலியின் அடியில் குனிந்தார். தாள் இருந்தது. எடுத்தார்.

எடுத்தவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேகமாக நடந்து டெம்போவுக்கு வந்தார். உள்ளங்கையைத் திறந்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

"மேடம், அன்னிக்கு நீங்க நாலா மடிச்சு வெச்சீங்க. நான் பார்த்தேன். இது எட்டா மடிஞ்சிருக்குது."

வாணி தாளைத் தொடாமல் பார்த்தார்.

"அந்தம்மா எடுத்துப் படிச்சிருக்காங்க மேடம். அன்னிக்கே படிச்சிருக்காங்க. பேரு, நேரம், எல்லாம்."

"படிச்சுட்டு?"

நாச்சிமுத்து யோசித்தார். அவர் குரல் இறங்கிப்போனது.

"மறுபடியும் அங்கயே வெச்சிருக்காங்க."

"அப்ப நீங்களும் வெச்சுட்டு வந்துருங்க அண்ணா" என்றார் வாணி. "நாற்காலி ஆடும்."